குழாயில் இரண்டு துளை

சுரங்க முகாம்,
ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. லாரி குலுக்கிய குலுக்கலில் இடுப்பு மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

இங்கே போன் எடுக்காது. கைபேசியில் மணி பார்க்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லாரியில் தபால் பை வரும், போகும். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் என் பொறுப்பு. ஊரான் தண்ணீருக்கு நான் காவல், என் வீட்டுத் தண்ணீருக்கு நீ காவல்.

கிளம்புகிற அவசரத்தில் மீன்தொட்டியைப் பற்றி நான் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்தது என்று எனக்குச் சந்தேகம். "நீ எதுலதான் சந்தேகப்படல?" என்று நீ சிரிப்பது தெரிகிறது. சிரி. ஆனால் இன்னொரு தரம் கேட்டுக்கொள்.

மேல் தொட்டியின் பின்விளிம்பில் ஒரு பெட்டி தொங்குகிறது. மேலே மிஞ்சுகிற தண்ணீர் அந்தப் பெட்டியில் விழுந்து, இறங்குகுழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு வரும். அங்கே பஞ்சில் அழுக்கை விட்டுவிட்டு, பம்பு தள்ள, ஏறுகுழாய் வழியாகத் திரும்ப மேலே போகும். பம்பு ஓடும்போது கீழ்த்தொட்டியில் தண்ணீர் நான் ஒட்டிய சிவப்பு டேப்பைத் தாண்டக் கூடாது. டேப்புக்கு மேலே இருக்கும் காலி இடம் வீண் இல்லை. பம்பு நின்றால் மேலேயிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கும், அதற்கு அந்த இடம். அப்புறம், ஏறுகுழாயின் வாய் தண்ணீருக்கு மேலேயே நிற்கும்படி கட்டியிருக்கிறேன். அதைத் தொடாதே. வாய் தண்ணீருக்குள் முழுகியிருந்தால், பம்பு நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் தலைகீழாக உறிஞ்சிக் கீழே கொட்டும். வாய் வெளியே தெரிகிற மட்டும் விடாது.

தீனிப் பெட்டி தானாகத் தீனி போடும். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அதை நிரப்பி, குறைந்த தண்ணீரை டேப் வரை ஊற்றினால் போதும். ஒரு சாவி உன்னிடம். இன்னொன்றை மாப்பிள்ளையின் பெயிண்டுக் கடை மேஜையில் போட்டு வைத்திருக்கிறேன், ஆத்திர அவசரத்துக்கு. பழைய சிநேகிதன், அவனை விட்டால் எனக்கு யார்?

பெரிய தங்கமீனுக்கு, அதுதான் நம் மேனேஜருக்கு, என் வணக்கத்தைச் சொல். அது முறைத்தால் கவலைப்படாதே, எல்லோரையும் அப்படித்தான் பார்க்கும்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, வீராப்பு காட்டாதே.

மேனேஜர் நலம். நான் துணி உலர்த்தினாலும் முறைக்கிறது, உட்கார்ந்து டீ குடித்தாலும் முறைக்கிறது. மற்ற மீன்கள் அதன் பின்னாலேயே ஊர்வலம் போகின்றன. தண்ணீர் டேப்பைத் தாண்டவிடவில்லை.

ஒரு சின்ன விஷயம். போன வாரம் ஹாலில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. இரண்டு துணி பிழிகிற அளவுதான். துடைத்துவிட்டேன். உன் பம்புக்கும் வயசாகிறது போல, ராத்திரி எல்லாம் முனகுகிறது. அதற்கு அடியில் ஏதாவது வைக்கலாமா?

இன்னொன்று. இனிமேல் கடிதத்தை வீட்டுக்குப் போடாதே, நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முகவரிக்குப் போடு. எங்கள் தெருத் தபால்காரர் கடிதங்களை எந்த வாசலில் வேண்டுமானாலும் எறிந்துவிட்டுப் போகிறார். கடை என்றால் கையில் கொடுத்துவிடுவார். கடையில் இப்போது வேலை நெரிகிறது. பிரேம் இல்லாத கண்ணாடிதான் எல்லோருக்கும் வேண்டுமாம். நாள் முழுக்க லென்ஸில் துளை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவரும் நலம்.

அன்புடன்,
பாப்பா


சுரங்க முகாம்,
பிப்ரவரி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். இடுப்பும் நலம். உன் கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து எனக்கு மூக்கில் வியர்க்கிறது.

தண்ணீர் வழிந்தது மேல் தொட்டியிலிருந்தா, கீழ்த்தொட்டியிலிருந்தா? மேலேயிருந்து என்றால் இறங்குகுழாய் அடைத்திருக்க வேண்டும். கீழேயிருந்து என்றால் பம்பு நின்றிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு குற்றம், வேறு வேறு குற்றவாளி. மேல் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருந்தது? ஹால் சுவரில் இருக்கும் மின்கடிகாரம் சரியாக ஓடுகிறதா? கரண்ட் போய் வந்தால் அது பூஜ்யத்தில் நின்று கண்ணடிக்கும். அதைப் பார்த்து எழுது.

அப்புறம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதே. நீ போவது ஞாயிற்றுக்கிழமை பகலில். பம்பு ராத்திரி எல்லாம் முனகுவது உனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டில் நீ எதற்குத் துணி உலர்த்துகிறாய்?

உங்கள் தெருத் தபால்காரர் என் கல்யாணத் தந்தியையே சரியாகக் கொண்டுவந்தவர் ஆயிற்றே. அந்தக் கல்யாணம்தான் நிற்கவில்லை, தந்தி நின்றது. அவருக்குத் திடீரென்று என்ன ஆயிற்று?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவன் இரண்டு வரி எழுதக்கூடாதா?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

கடிதமா அது? கேள்வித்தாள். மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும்தான் போடவில்லை.

தண்ணீர் கீழ்த்தொட்டியிலிருந்துதான் வழிந்தது. மேலே நான்கு விரல் இறங்கியிருந்தது. கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. பம்பு முனகுவதாகச் சொன்னது கீழ்வீட்டுத் தையல்காரர். துணி என்றால் தரை துடைத்த துணி.

மறுபடியும் ஒருமுறை வழிந்தது. இந்த முறை கொஞ்சம் அதிகம். தையல்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். "ஏம்மா, மேல மீன் வளக்குறீங்களா, இல்ல கப்பல் ஓட்டுறீங்களா? என் கட்டிங் டேபிள் மேல சொட்டுது!" என்றார். அவர் வீட்டுக் கூரையில் தட்டு அளவுக்கு ஒரு கறை. நான் மன்னிப்புக் கேட்டு, அவர் மேஜையையும் துடைத்துக் கொடுத்தேன். பிறகு கோபம் தணிந்து, வாசல் பக்கம் தண்ணீர் போகாமல் அடைக்க வெட்டுத்துணி மூட்டை ஒன்றைக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் இன்னொரு தரம் ஆனால் குடியிருப்புச் சங்கத்தில் சொல்லிவிடுவாராம். வாசல் கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பிவிட்டது, சாவி போட்டால் இழுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

உன் மாப்பிள்ளைக்குக் கடையில் வேலை அதிகம். அதனால் எழுதவில்லை.

அன்புடன்,
பாப்பா


சுரங்க முகாம்,
மார்ச் 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் இருக்கட்டும். நிதானமாக உட்கார்ந்து படி.

கடிகாரம் சரியாக ஓடுகிறது என்றால் கரண்ட் போகவில்லை. கரண்ட் போகாமல் பம்பு நின்றது என்றால் யாரோ சுவிட்சைக் கையால் அணைத்திருக்கிறார்கள். மேல் தொட்டியில் நான்கு விரல் இறங்கியது என்றால் ஏறுகுழாயின் வாய் நான்கு விரல் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. நான் அதை மேலே கட்டிவிட்டு வந்தேன். ஆகவே யாரோ அதைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். எதற்கு? வாய் மேலே இருந்தால் தண்ணீர் சளசளவென்று விழும். உள்ளே இருந்தால் சத்தம் வராது. பம்பை அணைத்தால் முனகலும் வராது. சத்தம் யாருக்குத் தொந்தரவு? அங்கே தூங்குகிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இல்லை.

என் வீட்டில் யாரோ படுத்துத் தூங்குகிறார்கள், பாப்பா.

இது என் கற்பனை இல்லை. தையல்காரரும் எனக்கு எழுதியிருக்கிறார். உன்னைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் ஆனால் ஹாலில் விளக்கு எரிகிறது என்றும், மேலே ஒரு ஆள் நடக்கிற சத்தம் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறார். கதவு உப்பியிருப்பது, சாவி இழுப்பது எல்லாம் வாரம் ஒருமுறை வருகிறவளுக்கு இவ்வளவு மனப்பாடமா என்றும் எனக்குத் தோன்றுகிறது. உன் சாவியை யாரிடமாவது கொடுத்தாயா? காவலாளியிடமா? கடையில் யாரிடமாவதா? மென்று முழுங்காமல் சொல்.

முடிவாகச் சொல்கிறேன். இன்னொரு தரம் தண்ணீர் வழிந்தால் தொட்டியைக் காலி செய்துவிடு. மீன்களை யாருக்காவது கொடுத்துவிடு. வீட்டைப் பூட்டி உன் சாவியையும் மாப்பிள்ளையிடமே கொடுத்துவிடு. அவன் பார்த்துக்கொள்வான்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

நலம்.

அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். சாவி என்னிடமே இருக்கட்டும். இனி தண்ணீர் வழியாது. வழிந்தால் நானே துடைத்துவிடுவேன், தையல்காரருக்கும் நானே பதில் சொல்கிறேன். மேனேஜரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்.

பாப்பா


சுரங்க முகாம்,
ஏப்ரல் 30

பாப்பா,

உன் நான்கு வரிக் கடிதம் கிடைத்தது. நான் கேட்டதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அதுவே ஒரு பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அதே பையில் மாப்பிள்ளையின் கடிதமும் வந்தது. கடைசியில் எழுதிவிட்டான். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"மச்சான், பாப்பா நல்லா இருக்கா. இப்பகூட உள்ள வேலையா இருக்கா. நீங்க வீட்ட வாடகைக்கு விட்டுட்டதா சொன்னா. யாருக்கு விட்டீங்க? என்ன ஆளு? என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல? அந்தப் பக்கமா போனேன், ஹால்ல லைட் எரியுது. சாவி என்கிட்ட இருக்கு. நீங்க ஒரு வரி எழுதுங்க, திறந்து யாருன்னு பாத்து சொல்றேன்."

நான் எப்போது வீட்டை வாடகைக்கு விட்டேன்? என்னிடம் யாருமே இல்லை என்கிறாய், உன் புருஷனிடம் வாடகைக்காரர் இருக்கிறார் என்கிறாய். இருவர் காதிலும் வேறு வேறு பூவைச் சுற்றியிருக்கிறாய். சின்ன வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு மூன்று நாள் பூசி மெழுகினாயே, அந்தப் பாப்பா எனக்குத் தெரியும். ஆனால் இது பேனா இல்லை.

யாரைக் குடி வைத்திருக்கிறாய்? ஆணா, பெண்ணா? எத்தனை நாளாக? யார் சொல்லி? என்னிடம் ஏன் மறைத்தாய்?

அடுத்த பை போவதற்குள் உன் பதில் வர வேண்டும். வராவிட்டால் மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வரியை எழுதிவிடுவேன். போய்த் திறந்து பார் என்று.

அண்ணன்


மே 10

அண்ணா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். லென்ஸைக் கையிலிருந்து நழுவவிட்டு உடைத்தேன். முதலாளியம்மா திட்டவில்லை, ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இந்தக் கடிதம் பைக்கு முன்னால் உன்னிடம் சேர வேண்டுமென்று முகாமுக்கு வரும் லாரி ஓட்டுநர் வீட்டைத் தேடிப் போய் அவர் கையிலேயே கொடுக்கிறேன்.

ஆமாம். குடி வைத்திருக்கிறேன். பெண்தான். ஜனவரி கடைசியிலிருந்து. யாரும் சொல்லவில்லை, நானேதான்.

அவளைப் பற்றி நீ கேட்பாய், கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிற பெண். கல்யாணமானவள். அவள் புருஷன் அவளை அடிக்கவில்லை. இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், இல்லை என்றதும் பிறகென்ன என்று போய்விடுகிறார்கள். அவர் கேள்வி கேட்பார், அவ்வளவுதான். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடும். எந்த பஸ், பக்கத்தில் யார், ஏன் தாமதம், ஏன் சிரித்துக்கொண்டு வருகிறாய், ஏன் சிரிக்காமல் வருகிறாய். பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்து இன்னும் இரண்டு கேள்வி. கைபேசியை வாங்கிப் பார்ப்பார், பிறகு அதைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டார். அவளுக்கு வந்த கடிதங்களைப் பிரித்து வைத்திருப்பார். ஜனவரியில் ஒருநாள் காலையில் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போனார். மறுநாளும் பூட்டினார். மூன்றாம் நாள் பூட்ட மறந்தார். அவள் ஒரு பையோடு வெளியே வந்தாள். உன் வீட்டுச் சாவி அந்தப் பையில் இருந்தது. அதாவது, அது என்னிடம் இருந்தது, நான் கொடுத்தேன்.

அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு அவர் வந்தார். அங்கேயிருந்த அம்மா "கண் டெஸ்டுக்கா? வரிசையில உக்காருங்க" என்று சொன்னதும் போய்விட்டார். அவள் அந்த அம்மா வீட்டில் தங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் வீடு காலியாக இருப்பது தெரிந்தால் முதலில் அங்கேதான் வருவார். அதற்காகத்தான் அதை வாடகைக்கு விட்டாயிற்று என்று முன்பே சொல்லி வைத்தேன்.

பம்பை அணைத்தது அவள்தான். குழாயின் வாயை இறக்கியதும் அவள்தான். நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது, எழுதியதிலும் பாதிதான் மனதில் நின்றது, நீ சந்தேகப்பட்டது சரி. அவளுக்குத் தூக்கம் ஒழுங்காக வருவதில்லை. தண்ணீர் விழும் சத்தத்தில் வாசலில் யார் வந்தாலும் கேட்காது என்று பயம். அதனால் அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு படுப்பாள். காலையில் ஹால் குளமாகக் கிடக்கும். சில நாள் டேப்புக்குக் கீழேயே தண்ணீரை வைத்துப் பார்த்தாள், பம்பு காற்றை இழுத்து இன்னும் அதிகமாகக் கத்தியது.

உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நான் அவளிடம் சொன்னேன். "வேணாம். உங்க அண்ணனும் அந்த ஆளும் பழைய சிநேகிதங்க. அதுவுமில்லாம அவரும் கேள்விதான் கேப்பாரு. எனக்குக் கேள்வி போதும்" என்றாள். நான் உனக்காகப் பரிந்து பேசினேன், அண்ணா. பிறகு உன் கடிதங்கள் வந்தன. அதன் பிறகு என்னால் பேச முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வரியை எழுதாதே. எழுதினால் அவளுக்கு இந்த ஊரில் போக வேறு இடம் கிடையாது. தொட்டியைக் காலி செய்யச் சொன்னால் செய்துவிடுகிறேன். வீட்டை மட்டும் காலி செய்யச் சொல்லாதே.

பாப்பா


சுரங்க முகாம்,
மே 13

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஓட்டுநர் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் படிக்க ஆரம்பித்து, எழுந்து போய் பம்புக் கொட்டகையில் உட்கார்ந்து படித்து முடித்தேன். அங்கே சத்தம் அதிகம், மனுஷன் அழுதால் யாருக்கும் கேட்காது. நாளைக் காலையில் அவர் திரும்புகிறார், அவரிடமே பதில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் குடித்தனக்காரி என்னைப் பற்றிச் சொன்னது சரி. அவளிடம் அப்படியே சொல்.

மாப்பிள்ளைக்குப் பதில் எழுதிவிட்டேன். நீயும் தெரிந்துகொள்ள அதையும் சொல்கிறேன். "வீட்டை வாடகைக்கு விட்டது உண்மை. குடியிருப்பவளைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அவள் கதவை யாரும் தட்டக் கூடாது, நீயும்தான். சாவியைத் தூக்கிக் குப்பையில் போடு." இவ்வளவுதான் எழுதினேன். இனி அவன் எனக்குச் சிநேகிதன் இல்லை என்பதை நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன். அதைக் கடிதத்தில் சொல்லி, அந்தக் கோபத்தை அவன் வேறு யார் மேலாவது காட்ட நான் வழி செய்ய மாட்டேன்.

கதவு உப்பிப் பூட்டு இழுப்பதாக நீ முன்பே எழுதியிருக்கிறாய். அந்தச் சாக்கே போதும். இன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டுக் கதவை இழைத்து, பூட்டை மாற்றச் சொல். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போடச் சொல். புதுச் சாவி இரண்டும் குடித்தனக்காரியிடமே இருக்கட்டும். எனக்குக்கூட ஒன்று வேண்டாம். நான் வந்தால் மணி அடிக்கிறேன். பழைய சாவி யார் கையில் இருந்தாலும் அது இனி வெறும் இரும்புத் துண்டு.

இனி தொட்டி. அதைக் காலி செய்ய வேண்டாம். ராத்திரி பம்பை அணைத்துக்கொள்ளலாம், குழாயின் வாயும் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். ஏறுகுழாயில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, ஒரு சின்னத் துளை போடச் சொல். பம்பு நின்றதும் தண்ணீர் திரும்ப இறங்கும். ஒரு விரல் இறங்கியதும் துளை வெளியே தெரியும், காற்று உள்ளே போகும், உறிஞ்சல் அறுந்துவிடும். அந்த ஒரு விரல் தண்ணீருக்கு டேப்புக்கு மேலே தாராளமாக இடம் இருக்கிறது. நான் எதையும் நம்பாதவன், ஆகையால் ஒன்றுக்கு இரண்டு துளை. நத்தை ஏறி ஒன்றை அடைத்தாலும் மற்றது வேலை செய்யும். பம்புக்கு அடியில் தடித்த பஞ்சுத் துண்டு ஒன்று வைத்தால் பகலிலும் முனகாது. மீன்களுக்கு ராத்திரி மட்டும் பம்பு நிற்பது தாங்கும், காலையில் மறக்காமல் போட்டுவிட்டால் போதும்.

இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். அந்தக் குழாயின் வாயை யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பினேன். எதையும் நம்பாதவன் நம்பியது அது ஒன்றைத்தான்.

ஜூலையில் எனக்கு விடுப்பு. வந்தால் ஹாலில் மேனேஜர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். அறை குடித்தனக்காரிக்கு. அவள் எவ்வளவு காலம் இருக்கிறாளோ அவ்வளவு காலம்.

மேலுறையில் உன் பெயருக்குக் கீழே கண்ணாடிக் கடை முகவரியை எழுதவில்லை, நம் வீட்டு முகவரியைத்தான் எழுதியிருக்கிறேன். ஓட்டுநர் அங்கேயே வந்து தருவார். மணியை ஒருமுறைதான் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தை இன்னொரு தரம் படித்துப் பார், பாப்பா. இதில் ஒரு கேள்வியும் கிடையாது. நலமா என்றுகூட நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிற அன்றைக்குச் சொல்.

உன்
அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஓட்டுநர் மணியை ஒருமுறைதான் அடித்தார். ஆனாலும் நான் கதவைத் திறக்க வெகு நேரம் ஆயிற்று. பாவம், படியில் உட்கார்ந்தே தூங்கிவிட்டார்.

மறுநாளே தச்சர் வந்தார். பூட்டு, தாழ்ப்பாள் இரண்டும் புதிது. பிறகு ஏறுகுழாயைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். லென்ஸில் துளை போடும் ஊசியால் இரண்டு துளை போட்டேன். முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு, "இது யாரு மூக்குல மாட்டுற கண்ணாடி?" என்றார். எவ்வளவோ மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழாயை மாட்டி, பம்பை ஓடவிட்டு, டேப் வரை தண்ணீர் ஊற்றி, சுவிட்சை அணைத்தேன். தரையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறியது, டேப்பைத் தாண்டியது. எனக்கு உயிரே இல்லை. அப்போது மேலே துளைகள் இரண்டும் சின்னதாக ஒரு சத்தம் போட்டுக் காற்றை இழுத்தன. தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. மேனேஜர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுக்கலாமென்று பம்பை அணைத்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். யாருடைய நடை என்று எனக்குத் தெரியும். பூட்டில் ஒரு சாவி நுழைந்தது. திரும்பவில்லை. மறுபடி நுழைந்தது, மறுபடி திரும்பவில்லை. நான் தொட்டிப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கதவுக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. முன்பு மாதிரி தண்ணீர் வழிந்திருந்தால் வாசலுக்குப் போய் நான் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அப்போது கீழேயிருந்து தையல்காரர் குரல். "யாரு சார்? யார் வேணும்? எந்த வீடு? எதுக்கு அடுத்தவங்க பூட்டுல சாவி போடுறீங்க? எங்கிருந்து வர்றீங்க? இந்தச் சாவி ஏது?" செருப்புச் சத்தம் இறங்கிப் போய்விட்டது. அவ்வளவு கேள்விகளை ஒருவர் ஒரே மூச்சில் அடுக்கக் கேட்டு இவ்வளவு ஆனந்தப்பட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. பிறகு கதவைத் திறந்து அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "மேல குடியிருக்கறது நீங்கதான்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்மா. விளக்கு எரியுதுன்னு உங்க அண்ணனுக்கு எழுதினது தப்பாப் போச்சு" என்றார். அவர் கூரையிலிருந்த கறைக்கு நானே வெள்ளை அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பெயிண்டை வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

முதலாளியம்மாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "என்ன வேணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று. பண்ணிவிட்டேன் என்றேன்.

குடித்தனக்காரியிடம் நீ சொன்னதைச் சொன்னேன். ஜூலையில் நீ மணி அடித்தால் உடனே திறப்பாளாம். இப்போதெல்லாம் ராத்திரி பம்பை அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில்தான் கண் விழிக்கிறாள். தரை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைக்கூட மறந்துவிடுகிறாள்.

உண்மையைச் சொல்லும்வரை ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்று முதல் வரியில் எழுதி ஒப்பேற்றினேன். இந்தக் கடிதத்தில் அதை முதலில் எழுதாமல் வைத்திருந்தேன். நீ கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அண்ணா, நான் நலம்.

பாப்பா